பூல்மணியின் மசக்கை

கம்பெனியில் ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்றால் அவள் புருஷனுக்கு முன்னால் மெடிக்கல் ரூம் நர்ஸான நமக்குத் தெரியும். அவள் அம்மாவுக்கு முன்னால், மாமியாருக்கு முன்னால், சில சமயம் அவளுக்கே முன்னால். காலை டீக்கு மணி அடித்ததும் எல்லோரும் கேண்டீன் பக்கம் போவார்கள். ஒருத்தி மட்டும் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு மெடிக்கல் ரூம் பக்கம் வருவாள். அப்போதே விஷயம் தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பிள்ளை பிறந்ததா, ஆணா பெண்ணா, யார் ஜாடை என்பது மட்டும் நமக்குத் தெரியவே தெரியாது. வயிறு தெரிய ஆரம்பித்ததும் அம்மா வீட்டுக்குப் போகிறவள் திரும்ப அதே கம்பெனிக்கு வருவது அபூர்வம். சம்பளம், ஷிஃப்ட், லீவு பற்றியெல்லாம் உங்களுக்கு எச்.ஆரில் சொல்லியிருப்பார்கள். இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். நர்ஸாகப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் இதைத் தெரிந்துகொண்டே உள்ளே வருவது நல்லது.

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் மெடிக்கல் ரூம்களில்தான் என் காலம் போனது. ஒரு கட்டில், ஒரு மறைப்புத் திரை, ஒரு மருந்து அலமாரி. வெளியே ஒரு ஹால் முழுக்க மெஷின்கள் ஓடும், உள்ளே நான் ஒருத்தி. நர்ஸ் என்று பெயர்தானே ஒழிய, ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி "நீ ஒருவாட்டி பாரேன்" என்று கூப்பிட பக்கத்தில் இன்னொரு நர்ஸ் இருக்க மாட்டாள். டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை வருவார், அவசரமாகப் போவார். மற்ற நாளெல்லாம் நாம் நினைப்பதுதான் தீர்ப்பு. அது சரியா தப்பா என்று சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மசக்கை என்ற சொல்லிடம் ஜாக்கிரதையாக இருங்கள். அது வாயில் வந்ததுமே மூளை வேலைநிறுத்தம் செய்துவிடும். ஒருமுறை ஹாஸ்டல் வார்டன் ஒரு தேனிப் பக்கத்துப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "கல்யாணமாகாத புள்ளைங்க சிஸ்டர். நாளெல்லாம் வாந்தி. டெஸ்ட் எடுத்துப் பாருங்க, எங்க மானம் போகுதுங்க" என்றார். அந்தப் பெண் "நான் ஒரு தப்பும் பண்ணலக்கா, எங்காத்தா சத்தியமா" என்று தேம்பினாள். நான் டெஸ்ட் கிட்டை எடுக்கவில்லை. அவளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிக் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தது. காமாலை. அந்த ஹாஸ்டலின் தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்வதற்குள் இன்னும் பல பெண்கள் படுத்துவிட்டார்கள். கல்யாணமாகாதவள் வாந்தி எடுத்தால் பழி, கல்யாணமானவள் எடுத்தால் கொண்டாட்டம். இரண்டிலும் உடம்பை யாரும் பார்ப்பதில்லை.

கொண்டாட்டத்தில் ஒரு பெண் உயிர் போகப் பார்த்த கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

பூல்மணி ஜார்கண்டிலிருந்து வந்தவள். எங்கள் தையல் லைனில் அவள் எல்லோருக்கும் பூமணி. ஓவர்லாக் மெஷினில் சுத்தமான கை. புருஷன் சூரஜ் வேறொரு கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டினான், எப்போதும் இரவு ஷிஃப்ட். அவன் வந்து படுக்கும்போது இவள் கிளம்புவாள், இவள் வீடு திரும்பும்போது அவன் கிளம்புவான். ஒரே அறையில் குடியிருந்தும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

டெஸ்ட்டில் கோடு தெரிந்த அன்று என் அறையிலிருந்தேதான் அம்மாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் பேசியது எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அம்மாக்காரி சந்தோஷத்தில் அழுகிற சத்தத்துக்கு மொழி எதற்கு? போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த அறையில் எனக்குக் கிடைத்த சம்பளத்தில் பெரியது அந்தச் சிரிப்பு என்றுதான் சொல்வேன்.

லைன் சூப்பர்வைசர் சரசு கொங்கு நாட்டுக்காரி. சத்தம் போட்டால் பக்கத்துக் கம்பெனிக்குக் கேட்கும், மனசு வெண்ணெய். விஷயம் தெரிந்த மறுநாளே பூல்மணி கையில் கண்ணாடி வளையல் ஏறிவிட்டது. ஒருத்தி மாங்காய் கொண்டுவந்தாள், இன்னொருத்தி நார்த்தங்காய் ஊறுகாய். சரசு அவளை மெஷினிலிருந்து எழுப்பி, பிசிறு வெட்டும் மேஜையில் உட்கார வைத்தாள். தைத்து வந்த பனியனில் தொங்குகிற நூல் பிசிறுகளைக் கத்தரித்து எடுக்கும் வேலை அது. பெடல் மிதிக்க வேண்டாம், குனிய வேண்டாம். திருப்பூரில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கிற மரியாதை அந்த ஸ்டூல்தான்.

அங்கே போனபிறகு வாந்தி குறையவில்லை, கூடியது. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்தது. எழுந்ததும் வெறும் வயிற்றோடு நடமாடாதே, படுக்கையிலேயே கொஞ்சம் பொரியோ ரஸ்க்கோ தின்று, அப்புறம் எழு என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். லைனில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சரசு தீர்ப்பே எழுதிவிட்டாள்: "பொட்டப்புள்ளைங்க சிஸ்டர். அதானுங்க இந்தப் போடு போடுது. எனக்கு மூத்தவ வயித்துல இருக்கறப்ப இப்படித்தானுங்க."

ஒரு திங்கட்கிழமை காலை சூரஜ் தூக்கக் கண்ணோடு கேட்டில் வந்து நின்றான். "சிஸ்டர், சண்டே நல்லா இருக்கா. சோறு, ஆலு சாப்பிட்டா. கம்பெனி வந்தா மட்டும் உல்டி" என்று வயிற்றிலிருந்து வாய்வரை கையைக் காட்டினான். பொண்டாட்டி வேலைக்குப் பயந்து நடிக்கிறாளோ என்று அவனுக்கே ஒரு சந்தேகம் இருந்தது போல. கேட்கக் கூச்சப்பட்டு நின்றான்.

எனக்கு வேறொன்று உறைத்தது. கர்ப்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. அப்படியென்றால் வீட்டில் இல்லாத ஏதோ ஒன்று இங்கே இருக்கிறது. நான் ஹாலுக்குப் போய், அவளை எழுப்பிவிட்டு, அந்த ஸ்டூலில் நானே உட்கார்ந்தேன். "என்னுங்க சிஸ்டர், நீங்களும் பிசிறு வெட்ட வந்துட்டீங்களா" என்று சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டு வேலை செய்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தித்திப்பாக, மூக்கின் அடியில் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒரு வாடை. அந்த மேஜையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஸ்பாட் ரூம். பனியனில் பட்ட எண்ணெய்க் கறையை மருந்து பீய்ச்சி எடுக்கிற இடம். அப்போது ஓடியது வெள்ளைப் பனியன் ஆர்டர். தூசி விழக்கூடாது என்று அந்தப் பக்க ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தார்கள். ஸ்பாட் ரூமின் எக்ஸாஸ்ட் ஃபேன் தள்ளுகிற காற்றுக்குப் போக வேறு வழியில்லை, நேராக அந்த ஸ்டூலுக்குத்தான் வந்தது. எத்தனையோ வாடைகளுக்குப் பழகிய எனக்கே பின்கழுத்து கனத்து, வாயில் எச்சில் ஊறியது. நாய்க்குச் சமமாக மூக்கு கூர்மையாகிற மாதத்தில் இருக்கிறவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

மேஜைக்கடியில் அவளுடைய தண்ணீர் பாட்டிலும் இருந்தது. காலையில் நிரப்பியது நிரப்பியபடி. இதை நீங்கள் லைனில் நிறையப் பார்ப்பீர்கள். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போனால் பீஸ் தேங்கும், தேங்கினால் பக்கத்துக்காரி தலையில் விழும். ஏற்கெனவே வாந்திக்காக எழுந்து எழுந்து ஓடுகிறவள், அதற்கு ஈடுகட்டத் தண்ணீரை நிறுத்திவிட்டாள். அவளை யாரும் திட்டவில்லை. வெளியூர்க்காரியான தன்னை இவ்வளவு பிரியமாக வைத்திருக்கிறவர்களுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

சரசுவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போனது.

"ஏனுங்க சிஸ்டர், நானு வேணும்னு பண்ணுவனுங்களா? புள்ளத்தாச்சி பெடல் மிதிக்க வேண்டாம்னுதானுங்க உக்கார வெச்சேன்."

"வேணும்னு யாருங்க சொன்னா? கைக்கு லைட் வேலைதானுங்க. மூக்குக்கு லைட் இல்லைங்க."

அன்றே அவளைப் பழைய மெஷினுக்குப் பக்கத்தில், திறந்த ஜன்னலோரம் மாற்றினோம். ஆனால் அதற்குள் உடம்பு வற்றிவிட்டிருந்தது. மறுநாள் காலை இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்துத்தான் அவளை என் அறைக்குக் கொண்டுவந்தார்கள். உதடு வெடித்திருந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டால் அப்படியே நின்றது. எழுப்பி நிறுத்தியதும் நாடி பறந்து, கண் செருகியது. கடைசியாக எப்போது சிறுநீர் போனாய் என்று கேட்டேன். யோசித்தாள், அவளுக்கு ஞாபகமில்லை. இதை மட்டும் மனசில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மசக்கைக்காரி எத்தனை முறை வாந்தி எடுத்தாள் என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, சிறுநீர் போகிறாளா, நின்றால் நிற்கிறாளா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அதற்குப் பெயர் மசக்கை இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக வேன் கேட்டு ஆபீசுக்குப் போனால், அங்கே ஆட்களைக் கூட்டிவரும் கான்ட்ராக்டர் மேனேஜர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பூல்மணிக்கு மதிய ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஊர்க்காரக் குடும்பம் ஒன்று போகிறது, அவர்களோடு அனுப்பிவிடலாம், மூன்றாம் நாள் அம்மா வீடு. சூரஜும் சரி என்றுவிட்டான். லீவு போட்டால் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான் என்று பயம்.

"ரயிலில் போகிற நிலைமையில் அந்தப் பெண் இல்லை" என்றேன்.

கான்ட்ராக்டர் திருநெல்வேலிக்காரர். "என்ன சிஸ்டர் நீங்க, எங்க வீட்டுக்காரிக்கும்தான் மாசக்கணக்குல வாந்தி. செத்தா போயிட்டா? அம்மாகிட்டப் போனா எல்லாம் சரியாயிரும்லா" என்றார்.

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அடுத்த வாரம் சரக்கு வாங்கற பையர் ஆளுங்க கம்பெனியப் பாக்க ஆடிட் வர்றாங்க சிஸ்டர். ஸ்பாட் ரூம், ஆஸ்பத்திரி எல்லாம் இப்பப் பேச்சுல வேண்டாமுங்க. அந்தப் புள்ளையே அம்மா ஊட்டுக்குப் போறேங்குது. போகட்டும் விடுங்களேன்."

அதுதான் கஷ்டம். அவர் சொன்னது உண்மை. திரும்ப என் அறைக்கு வந்தால் கட்டிலில் படுத்திருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, விடுங்க. மா கிட்ட போறேன். மா கிட்ட போனா சரி ஆகும்" என்றாள். அழுதாள், ஆனால் கண்ணில் தண்ணீர் வரவில்லை. அழுதால் கண்ணீர் வராத அளவுக்கு அந்த உடம்பு காய்ந்திருந்தது.

கான்ட்ராக்டர் போகச் சொல்கிறார். மேனேஜர் போகச் சொல்கிறார். புருஷன் சொல்கிறான், கடைசியில் நோயாளியே கையைப் பிடித்துக் கெஞ்சுகிறாள். ஒருத்தி மட்டும் வேண்டாம் என்கிறாள், அவளும் டாக்டர் இல்லை. என் மனசில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். இது வெறும் மசக்கையாக இருந்துவிட்டால்? அம்மாவிடம் போகத் துடிக்கிற ஒரு பெண்ணை வீம்புக்கு மறித்தவள் என்ற பெயர்தான் எனக்கு. அந்த நிமிஷம் யாராவது ஒருவர் என் பக்கம் நின்றால் போதும் என்று இருந்தது. யாரும் இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள், எதிர்பார்க்காதீர்கள். நான் கண்டதை மட்டும் மறுபடி ஒருமுறை பார்த்தேன். தோல் நிற்கிறது. ஆள் நிற்கவில்லை. கண்ணீர் இல்லை. ரயிலில் வழியில் ஏதாவது என்றால் இந்த மூன்றையும் யார் பார்ப்பார்கள்?

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்: "ரயில்ல ஏத்தறதுன்னா ஏத்துங்க. ஆனா நானு சரீன்னு சொல்லலீங்க. வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா, சிஸ்டர் வேண்டாம்னு சொல்லியும் அனுப்புனாங்கன்னு கேக்கறவங்ககிட்ட நானே சொல்லுவனுங்க. ஆடிட்காரங்க கேட்டாலும் சொல்லுவேன்."

 அவருக்கும் ஒரு மகள் மாசமாக இருந்தாள், அது எனக்குத் தெரியும், அதை நான் இழுக்கவில்லை. கடைசியில் டிரைவரைக் கூப்பிட்டு, "வேனை எடுப்பா" என்றார். என்னோடு அதன்பிறகு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சரசு மட்டும் வேன்வரை ஓடிவந்து ஒரு துண்டையும் பழைய பேசினையும் உள்ளே வைத்தாள். வழியில் அதற்கு வேலை இருந்தது.

ஆஸ்பத்திரியில் பார்த்த லேடி டாக்டர் சின்ன வயசு. பரிசோதனை செய்தவர், உடம்பில் உப்புச் சத்தெல்லாம் அடிமட்டத்துக்குப் போயிருக்கிறது, இன்னும் விட்டிருந்தால் இதயமே தடுமாறியிருக்கும், சிறுநீரகமும் சிரமப்பட ஆரம்பித்திருக்கிறது என்றார். ரயிலில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டிரிப் ஏற ஆரம்பித்ததும்தான் நான் கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

மசக்கை ஏன் வருகிறது என்று அவர் அன்று சொன்னதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். பிள்ளையோடு சேர்ந்து நஞ்சுக்கொடியும் வளர்கிறது. அங்கிருந்து தாயின் ரத்தத்தில் ஹார்மோன்கள் சட்டென்று ஏறுகின்றன. அதில் ஒன்று மூளையில் வாந்தியைத் தூண்டுகிற இடத்தைப் போய்த் தட்டுகிறது. முன்பே அதற்குக் கொஞ்சம் பழகிய உடம்பு தாங்கிக்கொள்ளும், பழகாத உடம்பு படாதபாடு படும். அம்மாவுக்கு இருந்திருந்தால், இரட்டைப் பிள்ளையாக இருந்தால், பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாத உடம்பாக இருந்தால் வாய்ப்பு கூடுதல். வெறும் வயிறு, வாடை, தூக்கமின்மை எல்லாம் காரணங்கள் அல்ல, இருப்பதை ஏற்றிவிடுகிறவை. மனசு சரியில்லாததால் வருகிறது, புருஷனைப் பிடிக்காததால் வருகிறது என்பதெல்லாம் வெட்டிப் பேச்சு. நானாகச் சேர்ப்பது ஒன்று உண்டு. தனிமையால் வாந்தி வராது. ஆனால் தனியாக இருக்கிறவள் தன் வாந்தியைப் பற்றி யாரிடமும் முழுசாகச் சொல்ல மாட்டாள். நமக்கு ஆபத்து அங்கேதான்.

பூல்மணி என்னோடு பேசவில்லை. ரயில் போயிருக்கும் நேரம் ஆனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மாவிடமிருந்து தன்னைப் பிரித்தவள் நான்தான். சூரஜ் மருந்து வாங்கப் போயிருந்தான். பக்கத்துக் கட்டில்களில் அம்மா, அக்கா, மாமியார் என்று ஆள் ஆளாக உட்கார்ந்து ஹார்லிக்ஸ் ஆற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டிலில் மட்டும் அவளும், அவள் கோபித்துக்கொண்ட நானும்.

மறுபடி குமட்டல் வந்தது. எழுந்து உட்கார்ந்தாள். வேலைப் பழக்கத்தில் நான் பேசினை நீட்டினேன். அவள் ஒரு கையால் பேசினை வாங்கிக்கொண்டாள். இன்னொரு கையால் என் கையை இழுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். அப்படியே என் உள்ளங்கையில் பாரத்தையெல்லாம் சாய்த்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். நம் ஊரில் பிள்ளை வாந்தி எடுத்தால் அம்மா ஓடிவந்து நெற்றியைத்தான் பிடிப்பாள். அவள் ஊரிலும் அப்படித்தான் போலிருக்கிறது. அம்மாவிடம் போனால் சரியாகும் என்று அவள் கேட்டது அந்தக் கையைத்தான். அதை ரயிலேறிப் போய் வாங்க வேண்டியிருந்தது, ஏனென்றால் இங்கே இவ்வளவு பேர் இருந்தும் வளையல் போட்டோம், மாங்காய் கொடுத்தோம், மாத்திரை கொடுத்தோம், யாரும் நெற்றியைப் பிடிக்கவில்லை.

முடிந்ததும் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, என் கையை விடாமலே கேட்டாள்.

"அக்காவுக்குப் பிள்ளை?"

"இல்லை கண்ணு."

"ஊட்டுக்காரர்?"

"அவரும் இல்லை. போய் ரொம்ப நாளாச்சு."

 லைனில் கற்றுக்கொண்ட கொங்குத் தமிழில் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப உங்களுக்கு வாந்தி வந்தா யாருங்க பிடிப்பாங்க?"

"எனக்கெதுக்கு வாந்தி வருது" என்று சிரித்து மழுப்பிவிட்டேன்.

உடம்பு தேறியது. சோறு தங்கியது. பல நாள் கழித்து, தானாக நடந்துபோய் ரயில் ஏறினாள். சூரஜும் லீவு வாங்கிக்கொண்டு கூடப் போனான். நானும் சரசுவும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். சரசு, "கண்ணு, தண்ணி குடிக்கோணும், ஆமா" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆடிட் முடிந்த கையோடு ஸ்பாட் ரூமின் ஃபேனை வெளிச்சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்கள். பூல்மணியின் நம்பர் கொஞ்ச நாளில் உபயோகத்தில் இல்லை என்றது. என்ன பிள்ளை பிறந்தது என்று எனக்குத் தெரியாது. சரசு சொன்ன மாதிரி பெண்ணாக இருக்கும் என்று நானாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்று இப்போது அனுப்பர்பாளையத்தில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறேன். பக்கத்தில் பாத்திரப் பட்டறை. பகலெல்லாம் தட்டுகிற சத்தம், ஒருவிதத்தில் அது துணை. போன மாதம் ஒரு மத்தியானம் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் வாந்தி பிடித்துக்கொண்டது. பயப்பட ஒன்றுமில்லை, நர்ஸுக்கு அது தெரியும். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன், சிறுநீர் போகிறதா என்றுகூடக் கவனித்தேன். எல்லாம் முறைப்படி செய்தேன். பட்டறைச் சத்தத்தில் நான் குமட்டுவது யாருக்கும் கேட்டிருக்காது.

வாஷ்பேசின் முன்னால் குனிந்து நின்றபோதுதான் அவள் கேட்ட கேள்வி வந்தது. இடது கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, வலது கையை எடுத்து என் நெற்றியில் நானே வைத்துக்கொண்டேன். எத்தனையோ பெண்களைத் தொட்ட கை அது. என் நெற்றிக்கு மட்டும் அது பாரம் தாங்கவில்லை, தலையோடு சேர்ந்து அதுவும் கீழே சரிந்தது.

பேசின் எங்கே இருக்கிறது, மாத்திரை எந்தத் தட்டில் இருக்கிறது என்று உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். நாளைக் காலை டீ மணிக்கு ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வருவாள். முதலில் அவள் நெற்றியைப் பிடியுங்கள்.